மேல்தேனூருக்குச் சைக்கிளில் போன வரலாறு

டிசம்பர் 3, புதன். ஆரணி

இந்த நோட்டை என் தங்கை மகள் ஹேமாவதி வாங்கிக் கொடுத்தாள். "மாமா, மலைக்குப் போனதும் தினமும் எழுதுங்க. பாதை எப்படி இருக்குது, தண்ணி எங்க கிடைக்கும், நிழல் எங்க இருக்குது, எல்லாம் வேணும்" என்றாள். எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத் தமிழ் வாத்தியார் மூன்று நாள் பள்ளிக்கூடமே வரவில்லை. இனி இவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு நானும் போகவில்லை.

விஷயம் இதுதான். ஹேமா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, பட்டணத்து ஆட்களைச் சைக்கிளில் மலைக்கிராமங்களுக்கு அழைத்துப் போகும் தொழிலைத் தொடங்கியிருக்கிறாள். பதிமூன்றாம் தேதி சென்னையிலிருந்து முதல் கூட்டம் வருகிறது, ஆறு பேர். அவர்களுக்குத் தலைவி ஷர்லின் மேடம். பேங்கில் பெரிய வேலை, அதோடு சைக்கிள் கிளப்பும் நடத்துகிறவர். அவருக்குப் பிடித்துவிட்டால் மாதாமாதம் கூட்டம் வரும். பிடிக்காவிட்டால் ஹேமா பழைய வேலைக்கே திரும்பிவிட வேண்டும். அவளுடைய அப்பா, அதாவது நெல் மண்டி வைத்திருக்கும் என் மச்சான் ஏகாம்பரம், அவளிடம் வாங்கியிருக்கும் வாக்கு அது.

"பாதை பாக்க யார அனுப்பப் போற?" என்று மச்சான் கேட்டார்.

"மாமாவ."

மச்சான் சிரித்த சிரிப்பில் மண்டிக் கூரையிலிருந்த புறா எல்லாம் பறந்துவிட்டது. "உங்க மாமன் வழி சொன்னா கூட்டம் நேரா இமயமலையிலதான் போய் நிக்கும்!"

ஆரணியில் முப்பத்தெட்டு வருஷம் 'தணிகை சைக்கிள் மார்ட்' நடத்தியவன் இந்தத் தணிகாசலம். வாடகை சைக்கிள், பஞ்சர், ஓவராயிலிங். இந்த ஊரில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என் வண்டியில்தான் கற்றுக்கொண்டார்கள். மேல்தேனூர் இருக்கும் செவ்வரை மலையில் வாலிபத்தில் நான் சைக்கிளில் ஏறாத ஏற்றம் இல்லை. கீழே இறங்கும்போது காற்றில் என் மீசை பின்னால் போய்க் காதில் மாட்டிக்கொள்ளும்.

டிசம்பர் 5, வெள்ளி. அத்திப்பாடி அடிவாரம்

சைக்கிளைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினேன். இங்கிருந்து ஒரு மைல் தூரம் ரோடு சப்பாத்திப் பலகை மாதிரி சமம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா பெரியவரே, ரோடு சமமாத்தான கீது. ஏறி மிதிக்கறது?"

"காலை நேரத்தில் டியூபுக்குள் காற்று குளிர்ந்து கிடக்கும். உடனே பாரம் ஏற்றக் கூடாது" என்று விளக்கினேன். அவர் தம்முடைய டி.வி.எஸ். வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். இதுவரை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டிசம்பர் 6, சனி. நெல்லிமட்டம்

இன்று முதல் ஏற்றம். பாட்டுப் பாடிக்கொண்டே ஏறத்தக்கது. நான் அப்படித்தான் ஏறினேன்.

ஹேமா கேட்டபடி விவரம். முதல் வளைவில் புளியமரம். நிழல் நன்றாக இருக்கிறது, எறும்பும் இருக்கிறது. கிழக்குப் பக்க வேரில் உட்காரவும். அடுத்தது சிறு பாலம். அதன் சுவரில் சைக்கிளைச் சாய்த்தால் விழாது, பக்கத்திலேயே ஆளும் சாயலாம். அதற்கு மேலே பாறை இடுக்கில் ஊற்று. குனிந்து குடிக்க வேண்டாம், குனிந்தால் எழுந்திருப்பது கஷ்டம். தேக்கிலையை மடித்துப் பிடித்துக் குடிக்கவும். ஊற்றைத் தாண்டியதும் ரோட்டின் இடது ஓரமெல்லாம் சரளை. வலது ஓரமாகவே போகவும், செருப்பு வழுக்காது. அதாவது டயர். அதற்கும் மேலே குடை மாதிரி கவிந்த பாறை. அங்கே கொஞ்சம் படுக்கலாம். பாதையைப் படுத்த நிலையில் பரிசோதிப்பதும் அவசியம்.

நெல்லிமட்டம் சரித்திரப் புகழ் பெற்ற இடம். ஊருக்கு மேற்கே இடிந்த கோட்டைச் சுவர் இருக்கிறது. நாலு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய கல் வீடுகள் ஏழெட்டு. எந்த ராஜா கட்டினான் என்று எழுதிய போர்டில் மழை பட்டு எழுத்தெல்லாம் அழிந்து கிடக்கிறது. ஆகவே நான் சொல்வதுதான் கணக்கு. ஒரு ராஜா தொள்ளாயிரம் யானைகளோடு இங்கே மூன்று மழைக்காலம் தங்கினான். யானைகள் முதுகு தேய்த்துத்தான் சுவர் இடிந்தது. எதிரிப் படை ஒருநாளும் வரவில்லை.

தங்க இடம் கொடுத்த வீட்டில் கேழ்வரகுக் களியும் கொள்ளுக் குழம்பும். கூட்டத்துக்கு இதையே சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு. நெல்லிமட்டம்

ஓய்வு. கால் வலி, சைக்கிளுக்கு.

டிசம்பர் 8, திங்கள். மேல்தேனூர்

நெல்லிமட்டத்திலிருந்து மேல்தேனூருக்குப் பாதை முதலில் சமம், பிறகு செங்குத்து. சமதளத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டேன். பிறகு சைக்கிளின் பலத்தைச் சோதிப்பதற்காக அதை ஒரு பாறையின் மீது விட்டுப் பார்த்தேன். பாறை பலமாக இருக்கிறது. முன் சக்கரம் கோட்டம் விழுந்து அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. என் இடது முழங்கையும் அந்தச் சோதனையில் கலந்துகொண்டது.

சக்கரம் சுற்றவில்லை. வேறு வழி? தோளில் தூக்கிக்கொண்டேன். செங்குத்து முழுக்க அப்படியே ஏறினேன். இந்த வயதில் எவன் ஏறுவான்?

உச்சியில் பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு நடுகல். வாளோடு ஒரு வீரன், வில்லோடு ஒரு வீரன். நான் உள்ளே நுழைந்ததும், களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு அம்மாள் முன்னால் வந்தார். பெயர் பூங்காவனம். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், மகளிர் குழுத் தலைவி. சமுதாயக் கூடத்துச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. ஊருக்கு வருகிறவனுக்குச் சோறு போடுவதா வேண்டாமா என்பது அவர் வாய்ச்சொல்.

"கல்லாண்ட வந்துதான் தூக்கினியாண்ணே? இல்ல கீழ இருந்தேவா?"

"கீழே இருந்தே" என்றேன். உண்மைதானே?

அவர் கையைக் கூப்பிவிட்டார். "யாரும் சொல்லாம இப்டி செஞ்சவங்கள நான் பாத்ததில்ல. எங்க ஆத்தா தேர் ஒண்ணுதாண்ணே இந்த மண்ணுல உருளும். வேற எந்தச் சக்கரமும் இந்தக் கல்ல தாண்டி உருளக் கூடாது. மூட்டையா இருந்தாலும் தலமேலதான். ரெண்டு மாசம் முன்ன மோட்டார் சைக்கிள்ல நாலு பேரு டர்ருனு உள்ள வந்துட்டானுங்க. தெரு பூரா மஞ்சத்தண்ணி தெளிச்சி, தண்ணிகூட குடுக்காம அனுப்பிட்டோம்."

"ஆட்டுக்கல் உருளுகிறதே?" என்று கேட்டேன். எனக்குச் சட்டம் தெரியும் என்பதைக் காட்ட வேண்டுமே.

"அது நின்ன எடத்துல சுத்துது. ஊர்கோலமா போவுது?"

இந்த வழக்கம் எனக்கு முன்பே தெரியும் என்பதைத் தனியாக எழுதத் தேவையில்லை. இரவு சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, தேன். இரண்டு பேர் மாற்றி மாற்றி விசிறினார்கள்.

டிசம்பர் 9, செவ்வாய். மேல்தேனூர்

சமுதாயக் கூடத்து வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, ஸ்போக்கை ஒவ்வொன்றாக முறுக்கிச் சக்கரத்தின் கோட்டத்தை எடுத்தேன். ஊரே சுற்றி நின்றது. காற்றில்தானே சுற்றுகிறது, மண்ணில் படவில்லை என்று பூங்காவனம் அனுமதி கொடுத்தார். சக்கரம் நேராகிவிட்டது. கம்பெனியில்கூட இவ்வளவு நேராக வராது.

"அதான் சரி பண்ணிட்டியேண்ணே. கல்லுக்கு அப்பால போய் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டேன். எங்க பொண்ணுங்க பாக்கட்டும்."

"இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றேன்.

"செவ்வாய்க்கிழமைக்கும் சைக்கிளுக்கும் இன்னாண்ணே?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்."

கூட்டம் கலைந்த பிறகு அவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, கேக்கறன்னு தப்பா நெனக்காத. உனக்கு சைக்கிள் ஓட்ட வராதா?"

"ஆரணியில் போய் என் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்!"

"ஆரணி தூரம். உன் முழங்கை கிட்டத்துல கீது" என்று சொல்லிவிட்டு, மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து காயத்தில் வைத்தார். நல்ல மஞ்சள். எரிச்சல் உடனே நின்றுவிட்டது. மஞ்சளின் பெருமைக்காகத்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 10, புதன். மேல்தேனூர்

இங்கே போன் பேச வேண்டுமானால் ஒரே ஒரு பாறைமேல்தான் ஏறி நிற்க வேண்டும். எனக்கு முன்னால் மூன்று பேர் வரிசை. எல்லாருடைய குடும்ப விஷயமும் எல்லாருக்கும் தெரியும். என் முறை வந்ததும், எழுதியதை ஹேமாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். அவள் அங்கே டைப் அடித்துக்கொண்டாள். சக்கரம் உருளக் கூடாது என்ற விஷயத்தையும் அழுத்திச் சொன்னேன்.

"மாமா, எல்லாம் சூப்பர். யானையை மட்டும் எடுத்துடறேன்."

"எடுத்தால் சரித்திரம் உன்னை மன்னிக்காது."

"நூறு யானை வெச்சுக்கலாமா?"

ஐந்நூறுக்கு ஒத்துக்கொண்டேன். பக்கத்தில் மச்சான் குரல் கேட்டது. "பாட்டுப் பாடிக்கினே ஏறினானாமா? கேட்டியா வச்சலா, உங்க அண்ணன் பாட்டுப் பாடினானாம்!" என் தங்கை ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. ஹேமா மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா, திங்கக்கிழமை முடிவு தெரியும். அதுவரைக்கும் மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. சிக்னல் சரியில்லை.

டிசம்பர் 12, வெள்ளி. மேல்தேனூர்

நாளைக்கு வருகிறார்கள். கூடத்தைக் கூட்டிக் கழுவிப் பாய் போட்டாகிவிட்டது. பூங்காவனம் கறாராகச் சொல்லிவிட்டார்: "உன் மொகத்துக்காவதான் ஒத்துக்கினோம். ஒருத்தன் ஏறி ஓட்டிக்கினு கல்ல தாண்டினாலும் அடுப்ப அணச்சிடுவோம்."

படித்தவர்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். களைத்து வருகிறவன் கடைசி நேரத்தில் எரிச்சலில் ஏதாவது செய்துவிட்டால்தான் ஆபத்து. களைப்பு ஏன் வருகிறது? பாட்டுப் பாடிக்கொண்டே ஏறத்தக்கது என்றுதானே எழுதியிருக்கிறேன்.

பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கலாமோ? இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

சாப்பாடு இறங்கவில்லை. சாமைச் சோறு கொஞ்சம் கனம்.

டிசம்பர் 13, சனி. மேல்தேனூர்

விடிந்ததிலிருந்து நடுகல்லடியில் நின்றேன். என் சைக்கிளும் என்னோடு நின்றது. வெயில் தலைக்கு மேல் வந்தது. யாரும் வரவில்லை. பூங்காவனம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். "பாதி வழியில திரும்பிட்டாங்களோ?" என்று கேட்டார். நான் வீரன் கையிலிருந்த வாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வளைவில் தலை தெரிந்தது. ஆறு பேரும் ஹேமாவும். ஏழு பேருமே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்! சட்டையெல்லாம் நனைந்து பிழியலாம் போல இருந்தது. ஹேமா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷர்லின் மேடம் முன்னால் வந்தார். நரைத்த கிராப்புத் தலை, என் வயதிருக்கும்.

"நீங்கதான் தணிகாசலம் சாரா?" மூச்சு வாங்கியது. "பாட்டுப் பாடிக்கிட்டே ஏறினவர்?"

"மெல்லிசை" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் பதில் சொல்வதற்குள், பின்னாலிருந்த ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், ஒரே தாவில் சைக்கிளில் ஏறிவிட்டான். கல்லுக்கு முன்னால் இருபது முப்பது அடி சமதளம். "கடைசி பிட்டாவது ஓட்டிக்கிட்டு உள்ள போறேன், யாராவது வீடியோ எடுங்க!" என்று கத்திக்கொண்டே மிதித்தான். ஹேமா, "நிகில், நோ!" என்று அலறினாள். கல்லுக்கு அந்தப் பக்கம் பூங்காவனம் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஊரே நிற்கிறது.

நான் நடுப்பாதையில் போய் நின்று இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டேன். சைக்கிள் என் வயிற்றில் வந்து நின்றது. முப்பத்தெட்டு வருஷமாக, கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரையும் இப்படித்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

"இறங்கு தம்பி."

"சார், நாலடிதான்!"

"அந்த நாலடியைத்தான் இந்த ஊர் காப்பாத்தி வெச்சிருக்குது. இறங்கு."

இறங்கினான். நான் என் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் கல்லைத் தாண்டி நடந்தேன். பின்னால் சத்தமே இல்லை. பிறகு ஷர்லின் மேடத்தின் குரல் கேட்டது: "என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? தூக்குங்க!"

ஏழு சைக்கிளும் தோளில் ஏறி ஊருக்குள் வந்தன. சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மலையே குலுங்கியது. ஒருத்தி ஓடிவந்து ஹேமாவின் சைக்கிளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தாள். நிகிலை மட்டும் தெருக்கோடி வரை நடக்கவைத்துத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். "அவசரம் புடிச்ச மாப்ள, இன்னொரு தபா தூக்கிக் காட்டு" என்று கேலி. அவனும் சிரித்துக்கொண்டே தூக்கினான்.

அடுப்பு எரிந்தது. எல்லாரும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். இலையை எடுத்த பிறகு ஷர்லின் மேடம் ஹேமா எதிரிலேயே என்னிடம் சொன்னார்: "சார், ரெண்டாவது வளைவுலயே எல்லாரும் இறங்கிட்டோம். உங்க மேல அவ்வளவு கோபம். அப்புறம் பாத்தா, எங்க எங்க உயிர் போகுதோ அங்கெல்லாம் கரெக்டா ஒரு நிழல், ஒரு தண்ணி. எல்லாம் நீங்க எழுதினபடியே. எங்க கிளப்ல பாதை எழுதறவங்க எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு உயரம்னு எழுதுவாங்க. எங்க சாஞ்சா சைக்கிள் விழாதுன்னு இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல. எறும்பு மட்டும் மேற்குப் பக்க வேர்லயும் இருக்கு."

"எறும்பு இடம் மாறும்" என்றேன்.

"அடுத்த மாசம் பன்னெண்டு பேர் வர்றோம் ஹேமா. ஆனா ஒரு கண்டிஷன். இந்த சார் எழுதின பாதையில மட்டும்தான்."

ஹேமா எழுந்து கை கழுவப் போனாள். முன்பே கழுவிவிட்டாள், நான் பார்த்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு. இறக்கம்

காலையில் கூட்டம் கிளம்பியது. கல்லுக்கு வெளியே எல்லாரும் சைக்கிளில் ஏறிக்கொண்டார்கள். ஷர்லின் மேடம், "இறக்கத்துல நீங்க முன்னாடி போங்க சார். உங்க பின்னாடியே நாங்க" என்றார்.

நான் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தேன். டியூபுக்குள் காற்று இன்னும் குளிர்ந்து கிடந்தது.

"அவரு எங்க வருவாரு?" என்று பூங்காவனம் குறுக்கே வந்தார். "அண்டா கழுவணும், பாய் சுருட்டணும். கூட்டத்தைக் கூட்டிக்கினு வந்த மனுசன் அதெல்லாம் செய்யாம போய்டுவாரா? நீங்க போங்கம்மா." ஹேமாவும், "நான் மாமாவோட பின்னால வர்றேன்" என்றாள். கூட்டம் பறந்தது.

நாங்கள் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். குடைப்பாறையடியில் ஹேமா சைக்கிளைச் சாய்த்தாள். அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டாள்:

"மாமா, எனக்கு சைக்கிள் கத்துக் குடுத்தது யாரு?"

"நான்தான். அதிலென்ன சந்தேகம்?"

"பின்னாலயே கேரியரைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வருவீங்க. ஒருதடவையாவது ஏறி ஓட்டிக் காட்டினதுண்டா?"

சின்ன வயதில் ஒரு கிணற்றங்கரையில், நடுக்கம்பி வைத்த பெரிய சைக்கிளோடு ஒரு சம்பவம் நடந்தது. அதை எழுத இந்த நோட்டில் இடம் பற்றாது. அவளிடமும் சொல்லவில்லை. ஊற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "தண்ணீர் போன வாரத்தைவிட இன்று நன்றாக வருகிறது" என்றேன்.

"எனக்கு ஏழாங் கிளாஸ்லயே தெரியும் மாமா. ஓட்டறவங்க யாரை வேணா அனுப்பியிருக்கலாம். ஜம்முனு ஏறிட்டு வந்து, 'பாதை நல்லாருக்கு'ன்னு ஒரு வரி சொல்லியிருப்பாங்க. வர்றவங்க பாதி தூரம் தள்ளத்தான் போறாங்கன்னு எனக்குத் தெரியாதா? தள்ளிக்கிட்டே போற ஆளு ஆரணியில ஒருத்தர்தான்."

பாறை நிழல் நன்றாக இருந்தது. அவள் என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன?"

"பாறையைச் சோதித்தேன்."

"தனியா சோதிக்காதீங்க" என்றாள்.

டிசம்பர் 15, திங்கள். ஆரணி

மச்சான் முடிவைக் கேட்டுவிட்டு, "அப்ப வேலைக்குப் போவலயா?" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் மண்டிக்கு வந்தவர்களிடம், தம் மைத்துனன் தோளில் சைக்கிளோடு மலை ஏறிய கதையை அவரே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு சைக்கிள் என்று சொன்னார். நான் திருத்தவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு. ஆரணி

இன்று மச்சானின் மண்டிக் களத்தில் நெல் காயப்போடவில்லை. சிமெண்டுத் தரை வெறுமையாகக் கிடந்தது. காலையிலேயே ஹேமாவைக் கூப்பிட்டு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தேன். ஒருவர் சைக்கிள் ஓட்டும்போது, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு எப்படி ஓடிவர வேண்டும் என்ற வித்தை. தொழிலில் அவளுக்கு உபயோகப்படும். அதற்கு ஓட்டுகிறவர் ஒருவர் வேண்டுமே! அதற்காகத்தான் நான் ஏறி உட்கார்ந்தேன்.

நன்றாகக் கற்றுக்கொண்டாள். "கீழ பாக்காதீங்க, கதவைப் பாருங்க. மிதிக்கறத நிறுத்தாதீங்க" என்றெல்லாம் நான் ஒருகாலத்தில் அவளுக்குச் சொன்னதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னாள். மச்சான் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் களத்தில் கிடந்த சாக்கு இரண்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

களத்து மூலையிலிருந்த குழாயடியில் புறப்பட்டு ஐந்தாறு தடவை போய்வந்த பிறகு, "பிடிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டேன். பதில் பக்கத்திலிருந்து வரவில்லை. ரொம்ப தூரத்திலிருந்து, குழாயடியிலிருந்து, "பிடிச்சிருக்கேன் மாமா!" என்று சத்தம் வந்தது.

குழாயடியிலிருந்து மண்டிக் கதவு வரை. அவ்வளவுதான் தூரம். இந்தக் கணக்கில் யானை எல்லாம் இல்லை.